சீக்வெஸ்ட்ரேஷன்: நுரையீரல் ஒதுக்கம்

தென்னாப்பிரிக்காவில் 'சீக்வெஸ்ட்ரேஷன்' என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது மஞ்சக் கடுதாசிதான். கடன் கட்ட முடியாதவரின் சொத்தை நீதிமன்றம் அவர் கையிலிருந்து பிரித்து, முதலில் உயர் நீதிமன்றத்தின் 'மாஸ்டர்' என்ற அதிகாரியின் பொறுப்பிலும், பிறகு ஒரு பொறுப்பாளரிடமும் விடும். 1936-ஆம் ஆண்டின் திவால் சட்டம் இதை அந்தப் பெயரால்தான் அழைக்கிறது. கம்பெனி மூழ்கினால் லிக்விடேஷன், தனி ஆள் என்றால் சீக்வெஸ்ட்ரேஷன். டர்பனில் கடை வைத்துப் பிழைத்த குடும்பங்களுக்கு இது பழகிய சொல். அந்நகரின் சாட்ஸ்வொர்த்திலோ ஃபீனிக்ஸிலோ ஐந்து மாதக் கர்ப்பிணி ஒருத்தி, 'பல்மனரி சீக்வெஸ்ட்ரேஷன்' என்று எழுதிய ஸ்கேன் தாளோடு வீடு திரும்பினால் மாமியார் விழிக்கத்தான் செய்வார். பிறக்காத பிள்ளைக்கு என்ன கடன்?

இரண்டுக்கும் வேர் ஒன்று. லத்தீனில் 'செக்வெஸ்தர்' என்றால் வழக்காடும் இருவருக்கும் நடுவே நிற்கும் மூன்றாம் ஆள். தீர்ப்பு வரும்வரை தகராறுப் பொருள் அவரிடம் இருக்கும். அதிலிருந்து 'பிரித்து ஒதுக்கி வைத்தல்' என்ற பொருள் வளர்ந்தது. எலும்பில் சீழ் பிடித்து, செத்துப் பிரிந்த துண்டை மருத்துவர்கள் 'சீக்வெஸ்ட்ரம்' என்பார்கள். நுரையீரலுக்கு இந்தச் சொல்லை 1946-இல் கொண்டுவந்தவர் பிரைஸ் என்ற மருத்துவர். அதற்கு முன்பே, 1861-இல், ரோகிடான்ஸ்கி என்ற மருத்துவர் இத்தகைய பகுதியை விவரித்து 'கூடுதல் மடல்' என்றார் (மடல் என்பது நுரையீரலின் பெரும்பிரிவு ஒன்று). எனக்கென்னவோ அந்தப் பழைய பெயரே மேல் என்று தோன்றுகிறது. ஆனால் நிலைத்தது பிரைஸின் சொல்.

சரி, எதிலிருந்து ஒதுங்கியது? இது நுரையீரல் திசுதான், உயிருள்ளதுதான். ஆனால் மூச்சுக்குழாய்க் கிளைகளோடு வழக்கமான இணைப்பு இதற்கு இல்லை, அதனால் சுவாசத்துக்கு உதவாது. ரத்தமும் நுரையீரல் தமனி வழியாக வருவதில்லை. பெருந்தமனியிலிருந்து, சில சமயம் வயிற்றுப் பகுதியிலிருந்துகூட, தனிக் கிளை ஒன்று வந்து ஊட்டும். கருவில் நுரையீரல் மொட்டு விடும்போது கூடவே இன்னொரு மொட்டு தவறான இடத்தில் கிளம்புவதால் இப்படி ஆகிறது என்பது பலரும் ஏற்கும் விளக்கம். தாய் தின்றதாலோ, கிரகணத்தன்று வெளியே போனதாலோ வருவதல்ல. பெரியவர்கள் அந்தப் பேச்சை எடுப்பதற்கு முன்பே சொல்லிவிடுவது நல்லது.

தமிழில் என்ன சொல்லலாம்? 'நுரையீரல் துண்டிப்பு' என்றால் அறுவை செய்து எடுத்துவிட்டது போல ஒலிக்கும். 'தனிமைப்படுத்தல்' கொரோனா காலத்தோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. 'ஒதுக்கீடு' வேலையிலும் படிப்பிலும் இடம் தருவது. 'நுரையீரல் ஒதுக்கம்' பொருந்தும்: ஒன்று தானாக ஒதுங்கி நிற்கிறது என்று மட்டும் சொல்லும், செத்தது என்றோ வெட்டியது என்றோ சொல்லாது. இயல்பான மடலுக்குள்ளேயே இருந்தால் 'மடலக ஒதுக்கம்', தனக்கென்று தனி உறையோடு வெளியே நின்றால் 'மடற்புற ஒதுக்கம்'. மொத்தத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு மடலக வகை. பெரும்பாலும் இடப்பக்க அடிப்பகுதியில் காணப்படும்.

பதினெட்டு முதல் இருபத்திரண்டு வாரத்துக்குள் எடுக்கும் ஸ்கேனில் இது பளிச்சென்று வெளுத்த திட்டாகத் தெரியும். அப்புறம் ரத்த ஓட்டத்தை நிறத்தில் காட்டும் கலர் டாப்ளரில் அந்தத் தனித் தமனியைத் தேடுவார்கள். பெரிதாக இருந்தால் இதயத்தை ஒரு பக்கம் தள்ளும், அரிதாக சிசுவின் உடலில் நீர் கோக்கும். அதற்காகத்தான் அடிக்கடி ஸ்கேனுக்கு வரச் சொல்கிறார்கள். பல திட்டுகள் பிரசவத்துக்கு முன்பே சுருங்கிவிடும், குழந்தையும் இயல்பாக மூச்சு விடும். ஸ்கேனில் மறைந்தது போலிருந்தாலும் பிறந்த பிறகு சிடி எடுத்துப் பார்ப்பது வழக்கம். மடலக வகையில் பின்னாளில் திரும்பத் திரும்ப நிமோனியா வரக்கூடும் என்பதால் அறுவையைப் பரிந்துரைப்பவர்கள் உண்டு. தொல்லை தராத சிறிய மடற்புற ஒதுக்கத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பவர்களும் உண்டு.

இதோடு குழப்பிக்கொள்ளும் இன்னொரு பெயர் சிபாம் (CPAM), பழைய பெயர் சிகாம் (CCAM). அது நுரையீரலுக்குள் நீர்ப்பைகள் உண்டாகும் குறைபாடு. அதற்கு ரத்தம் பொதுவாக நுரையீரல் தமனியிலிருந்தே வரும், மூச்சுக்குழாய்த் தொடர்பும் இருக்கும். இரண்டும் கலந்து வந்தால் 'ஹைப்ரிட்' என்று தாளில் எழுதியிருப்பார்கள். 'கலப்பு வகை' என்றால் போதும். மருத்துவரிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, திட்டுக்கு ரத்தம் எங்கிருந்து வருகிறது என்பதுதான். பெயர் எது என்பதும், அறுவை செய்வதானால் எந்தத் தமனியை முதலில் கட்ட வேண்டும் என்பதும் அந்தப் பதிலில் இருக்கிறது.