செரன்கோவ் ஒளிர்வு

காமாக் கதிர்த் தொலைநோக்கி பற்றிய தமிழ்க் கட்டுரைகளில் ‘செரன்கோவ் கதிர்வீச்சு’ என்ற தொடரை அடிக்கடி பார்க்கிறேன். அதைப் படித்ததும் எக்ஸ்ரே அறைக் கதவில் ஒட்டியிருக்கும் எச்சரிக்கைதான் நினைவுக்கு வருகிறது. ஆனால் அந்தத் தொலைநோக்கிகள் தேடுவது இளநீல வெளிச்சத்தை.

சோவியத் இயற்பியலாளர் பாவெல் செரன்கோவ், தம் ஆசிரியர் செர்கேய் வவிலோவிடம் ஆய்வு செய்தபோது, ரேடியத்தின் காமாக் கதிர் பட்ட திரவங்கள் மெல்ல ஒளிர்வதைக் கண்டார். ஒரு மணி நேரமாவது கும்மிருட்டில் உட்கார்ந்து கண்ணைப் பழக்கிய பிறகுதான் அதை அளக்கவே முடியும், அவ்வளவு மங்கல். 1934இல் வெளியான அவருடைய கட்டுரைத் தலைப்பில் இருக்கும் ரஷ்யச் சொல் ‘ஸ்வெச்சேனியே’. ‘ஸ்வெத்’ என்றால் ஒளி. ‘ஸ்வெச்சேனியே’ என்றால் ஒளிர்வு. ஆங்கிலத்தில் அது ‘ரேடியேஷன்’ ஆனது. அதைப் பார்த்து நாம் கதிர்வீச்சு என்றோம். செரன்கோவ் என்பது ஆள் பெயர். வாட், வோல்ட் போல அப்படியே இருக்கட்டும். அடுத்த சொல்லை ‘ஒளிர்வு’ என்று மாற்றினால் மூலப் பொருளே திரும்பக் கிடைத்துவிடும்.

இது எப்படி உண்டாகிறது? வெற்றிடத்தில் ஒளியை எதுவும் முந்த முடியாது. காற்றிலும் நீரிலும் ஒளியின் வேகம் குறைவதால், அங்கே மின்னூட்டத் துகள் அதை முந்த முடியும். வேகமாகப் போகும் படகின் இரு பக்கமும் அலை விரிவதுபோல, அந்தத் துகளின் பின்னால் ஒளி கூம்பாக விரிகிறது. இதை விளக்கிய இகோர் தாம், இல்யா ஃபிராங்க் இருவரும் செரன்கோவும் 1958இல் நோபல் பரிசு பெற்றார்கள்.

விண்ணிலிருந்து வரும் காமாக் கதிர் தரையைத் தொடுவதில்லை. வளிமண்டலத்தின் மேற்பகுதியில் அணுக்கருவில் மோதி எலெக்ட்ரான், பாசிட்ரான் (நேர்மின்னூட்டமுள்ள எலெக்ட்ரான்) என்று பெருகி மழையாய்ப் பொழிகிறது. ‘ஏர் ஷவர்’ என்பதற்குத் ‘துகள் பொழிவு’ என்பது பொருத்தமாக இருக்கும். அப்பொழிவின் ஒளிர்வு தரையில் சுமார் 250 மீட்டர் அகலத்துக்குப் பரவுகிறது. நீடிப்பதோ நொடியின் நூறு கோடியில் சில பங்குதான்.

டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தார் 1970களில் ஊட்டியில் கண்ணாடிகளை வைத்து, பல்சார்கள் எனப்படும், வேகமாகச் சுழலும் விண்மீன் எச்சங்களிலிருந்து வரும் காமாக் கதிர் உண்டாக்கும் இந்த ஒளிர்வைத் தேடினார்கள். இன்று லடாக்கின் ஹான்லேயில், சுமார் 4,300 மீட்டர் உயரத்தில், 21 மீட்டர் விட்டமுள்ள மேஸ் (MACE) என்ற காமாக் கதிர்த் தொலைநோக்கி நிற்கிறது. 2024 அக்டோபரில் திறக்கப்பட்டது. அதன் கேமராவில் 1,088 ஒளியுணரிகள். நிலா இல்லாத இரவுகளில் அவை அந்த நீலத் துடிப்புக்காகக் காத்திருக்கின்றன.