லே மினிஸ்டர்: பாமரரும் இல்லை, அமைச்சரும் இல்லை

சென்ற மாதம் ஒரு மொழிபெயர்ப்பு மெய்ப்புப் பார்க்க வந்தது. அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் பௌத்த வழிக்கு வந்து சேர்ந்தவர்கள் தம் கதையைத் தாமே சொல்லும் தொகுப்பு. மூன்றாம் பக்கத்தில் ஒரு செவிலியர், "இரண்டு ஆண்டுப் படிப்புக்குப் பிறகு நான் பௌத்தப் பாமர அமைச்சரானேன்" என்கிறார். எந்த நாட்டு மந்திரிசபை என்று ஒரு நொடி திகைத்துப்போனேன். பதினோராம் பக்கத்தில் லாரி ஓட்டி ஓய்வுபெற்ற ஒருவர் இன்னொரு பாமர அமைச்சர். நாற்பதாம் பக்கம் வருவதற்குள் அமைச்சரவையே கூடிவிட்டது.

ஆங்கில மூலத்தில் இருந்தது 'லே மினிஸ்டர்'. மொழிபெயர்த்த தம்பியைக் கூப்பிட்டுக் கேட்டேன். "லேன்னா பாமரர், மினிஸ்டர்னா அமைச்சர். அகராதியைப் பாருங்க சார், நானா சொல்றேன்?" என்றார். அகராதியில் இருக்கிறதுதான். அதுதான் வயிற்றெரிச்சல். இதே சேர்க்கையை இதற்கு முன் இரண்டு இடங்களில் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டு விட்டிருக்கிறேன். மூன்றாம் முறையும் விட மனம் வரவில்லை.

சொற்பிறப்பை முதலில் முடித்துவிடுவோம். 'லே' கிரேக்கத்து 'லாஓஸ்' வழி வந்தது; பொருள், மக்கள். குருமார் வரிசையில் சேராத எல்லாரும் அதில் அடக்கம். 'மினிஸ்டர்' லத்தீன், பணியாள். குறைவு என்னும் பொருளுள்ள 'மினுஸ்' அதன் அடி. எதிர்ச்சொல் 'மகிஸ்தெர்', மேலானவர். மாஸ்டரும் மாஜிஸ்திரேட்டும் அந்த வழி. அரசனுக்குப் பணிசெய்தவர் மந்திரி ஆனார், ஆண்டவருக்குப் பணிசெய்தவர் சபைகுரு ஆனார். சொல் ஒன்று, ஆள் வேறு. இவ்வளவு போதும்.

சரி, பௌத்தருக்கு இது எப்படி ஒட்டியது? ஜப்பானின் ஜோதோ ஷின்ஷூ என்ற பௌத்தப் பிரிவைச் சேர்ந்த சொனோதா, நிஷிஜிமா என்ற இரு குருமார் 1899-இல் சான்பிரான்சிஸ்கோவில் வந்திறங்கினார்கள், அங்கே குடியேறியிருந்த ஜப்பானியருக்காக. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானிய அமெரிக்கரை அரசு முள்வேலிக்குள் அடைத்தபோது, 1944-இல், யூட்டா மாநிலத்து டோபாஸ் முகாமில் வைத்து அவர்கள் வழிவந்த அமைப்பு 'அமெரிக்கப் பௌத்த சர்ச்சுகள்' என்று பெயர் மாற்றிக்கொண்டது. சர்ச், ஞாயிறு வழிபாடு, ஆர்கன், மினிஸ்டர் எல்லாம் அண்டைவீட்டுக்காரன் கண்ணில் அந்நியமாகத் தெரியாமலிருக்க உதவிய சொற்கள். தவிர, அவர்கள் குருமாருக்குத் துறவி என்ற பெயர் பொருந்தவும் பொருந்தாது. அந்தப் பிரிவின் முதல்வர் ஷின்ரான் 1207-இல் நாடுகடத்தப்பட்ட பின், தான் துறவியும் அல்ல, உலகியலில் உழல்பவனும் அல்ல என்று சொல்லிக்கொண்டு, மனைவி மக்களோடு வாழ்ந்தவர்.

இன்னொரு வழி ஜியூ கென்னெட். 1924-இல் இங்கிலாந்தில் பிறந்தவர், இசை படித்தவர். 1962-இல் மலாக்காவில் துறவு பூண்டு, ஜப்பானில் பயின்று, 1970-இல் வட கலிபோர்னியாவில் சாஸ்தா அபே என்ற மடத்தை நிறுவினார். கிறித்தவ மடங்களின் சொல்வழக்கையும் பாடும் முறையையும் கூச்சப்படாமல் எடுத்துக்கொண்டார். அவருடைய சங்கத்தில் லே மினிஸ்டர் என்றே ஒரு வகையினர் உண்டு. அதே போர்க்கால முகாம்களில் ஒன்றான ஹார்ட் மவுண்டனிலிருந்து வெளியே வந்து 1944-இல் சிகாகோவில் கோயில் தொடங்கிய க்யோமே குபோசேயின் வழியிலும் உண்டு. அவர் மகன் கோயோ குபோசே தொடங்கிய பிரைட் டான் மையம் லே மினிஸ்டர்களுக்கென்றே ஒரு படிப்பு நடத்துகிறது.

இப்படி ஆனவர்கள் என்ன செய்கிறார்கள்? வேலையை விடுவதில்லை, மொட்டை போடுவதில்லை. ஞாயிற்றுக்கிழமை வரவேற்பறையில் பத்துப் பேரைக் கூட்டித் தியானத்தில் உட்காரவைக்கிறார்கள். மருத்துவமனையில் படுத்திருப்பவரைப் போய்ப் பார்க்கிறார்கள். யாராவது இறந்தால் நாலு நல்ல வார்த்தை சொல்லி வழியனுப்புகிறார்கள். மறுநாள் காலை ஷிஃப்டுக்குப் போய்விடுகிறார்கள்.

இவர்களையா பாமரர் என்பது? சமஸ்கிருதத்தில் 'பாமன்' என்றால் சொறி சிரங்கு. பாமரன் என்றால் சிரங்கு பிடித்தவன், அப்படியே நீட்டி, இழிந்தவன், மூடன். தமிழில் சிரங்கு உதிர்ந்துவிட்டது, மூடத்தனம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 'பாமரனுக்கும் புரியும்படி' என்கிறோமே, அப்போது நம் மனத்தில் யார் நிற்கிறார்? எழுத்தறியாத ஒருவர். நம்முடைய செவிலியரோ இரண்டு ஆண்டு உட்கார்ந்து படித்தவர். அமைச்சரைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

தம்பி சளைக்கவில்லை. மறுநாள் புது யோசனையோடு வந்தார்: 'இல்லறத் துறவி'. எப்படி சார், கவித்துவமா இல்லை?

இருக்கிறது. அதுதான் ஆபத்து. பாமர அமைச்சரைப் பார்த்தால் யாரும் சிரித்துவிட்டுத் திருத்திவிடுவார்கள். இல்லறத் துறவியை யாரும் திருத்தமாட்டார்கள், ஏனென்றால் காதுக்கு இனிக்கிறது. காலமான எந்தப் பெரிய மனிதரின் நினைவு மலரைப் பிரித்தாலும் அவர் ஓர் இல்லறத் துறவிதான். மூன்று வீடு, இரண்டு கல்லூரி வைத்திருந்தவர்கூட. அந்த அளவுக்குத் தேய்ந்துபோன சொல் அது.

தேய்வை விடுங்கள், பொருளே பிழை. இல்லறம், துறவறம் என்று வள்ளுவர் இரண்டு இயலாகப் பிரித்து வைத்தது விளையாட்டுக்கு இல்லை. பௌத்தத்தில் கோடு இன்னும் அழுத்தம். துறவியர் ஒழுக்க நூலான பாலி விநயப்படி பிக்குவுக்கு 227 விதிகள்: பெண்ணோடு கூடக் கூடாது, காசைத் தொடக் கூடாது, உச்சிப்பொழுதுக்குப் பின் சாப்பிடக் கூடாது. வீட்டில் இருப்பவருக்கு ஐந்து சீலம், அதாவது ஒழுக்க நெறி. இடைப்பட்ட நிலை ஒன்று தேவைப்பட்டபோது இலங்கைப் பௌத்த மறுமலர்ச்சியாளர் தர்மபாலர் 'அநகாரிக', வீடற்றவர், என்று தனிச் சொல்லை எடுத்துக்கொண்டாரே தவிர, இரண்டையும் குழைத்து ஒரு கூழ் காய்ச்சவில்லை. இதே தொகுப்பில் இங்கிலாந்தின் சிட்ஹர்ஸ்ட் மடத்தில் உண்மையாகவே துறவு பூண்ட ஒருவர் வருகிறார். லாரி ஓட்டுநரைத் துறவி என்றால் இவரை என்னவென்று சொல்வது? 'துறவறத் துறவி' என்றா?

இன்னொன்று. இல்லறம் என்றதும் தமிழ்க் காதில் தாலியும் தொட்டிலும் விழுகின்றன. இந்த மினிஸ்டர்களில் மணமாகாதவர் உண்டு, மணமுறிவு ஆனவர் உண்டு. பலர் அந்த முறிவுக்குப் பிறகுதான் தியானத்தின் பக்கமே வந்தார்கள். அவர்களிடம் போய் இல்லறம் என்பது வெந்த புண்ணில் வேல்.

உபாசகர் என்று வைக்கலாமே என்பார்கள். பாலியில் அருமையான சொல், அருகே அமர்பவர். 1893-இல் சிகாகோவில் தர்மபாலர் முன்னிலையில் புத்தர், தம்மம், சங்கம் என்னும் மும்மணிகளைச் சரணடைந்த நியூயார்க் வணிகர் சார்லஸ் ஸ்ட்ராஸ் சரியான உபாசகர்தான். ஆனால் நம் ஊரில் உபாசகர் என்றால் யார்? 'காளி உபாசகர், பிரிந்தவர் சேர, கடன் தீர' என்ற சுவரொட்டிக்காரர். அந்தச் சொல்லை இனி மீட்க முடியாது. சாவகர் நம் பழைய சொல். மதுரைக்காஞ்சியில் 'பூவும் புகையும் சாவகர் பழிச்ச' என்று வருகிறது. ஆனால் அது சமண இல்லத்தாரைக் குறிப்பது. பௌத்தத்தில் அதே சொல் புத்தரின் சீடர்களுக்கு, பிக்குகளுக்கும் சேர்த்து, நிற்கிறது.

எனக்குப் பிடித்தது சிலப்பதிகாரத்தில் இருக்கிறது. நாடுகாண் காதையில், வானில் உலவும் சமண முனிவரான சாரணர் வந்தால் அமர ஒரு கல்மேடையை இட்டவர்கள் 'உலக நோன்பிகள்'. இதுவும் சமணர் இடத்துச் சொல்தான். ஆனாலும் சொல்லிலேயே பொருள் தெளிவாக இருக்கிறது: உலகத்தில் இருந்தபடி நோன்பு ஏற்றவர்கள். உலகம் என்றால் தமிழில் மக்கள் என்றும் பொருள், கிரேக்கத்து லாஓஸ் போல. நோன்பு என்றதும் இன்று பட்டினி நினைவுக்கு வரும், ஒப்புக்கொள்கிறேன். ஒரு பக்கம் படித்தால் பழகிவிடும். சீலம் ஏற்ற வீட்டுவாசிகள் அனைவருக்கும் இதையே வைத்தேன்.

மினிஸ்டருக்கு? ஊழியர் ஏற்கெனவே பாதி திருச்சபையிலும் பாதி அரசு அலுவலகத்திலும் இருக்கிறார். திருவிதாங்கூரில் ஊழியம் என்பது கூலியில்லாக் கட்டாய வேலைக்குப் பெயர். போதகர் மேடையேறி நின்று பேசுகிறவர். தொண்டர் சரியாக வருகிறது. மினுஸ் போலவே தன்னைக் குறைத்துக்கொள்ளும் சொல்; அந்தத் தொண்டரின் காலடித் தூசி நான் என்று ஓர் ஆழ்வாரே பெயர் வைத்துக்கொண்டார். கட்சிக்காரர்கள் அதைத் துண்டு போட்டுப் பிடித்து வைத்திருப்பதால் முன்னால் ஓர் 'அறம்' சேர்த்தேன்: அறத்தொண்டர். கொஞ்சம் அறக்கட்டளை வாடை அடிக்கிறது. அடிக்கட்டும்.

இந்த வகை ஆள் நமக்குப் புதியவரும் இல்லை. 1898-இல் பிரம்மஞான சபைத் தலைவர் ஆல்காட்டின் துணையோடு கொழும்பு போய்ப் பஞ்சசீலம் பெற்றுவந்து, இராயப்பேட்டையில் சாக்கைய பௌத்த சங்கம் நடத்திய அயோத்திதாசர் சித்த வைத்தியர், குடும்பஸ்தர். அவரைப் பண்டிதர் என்றுதான் அழைத்தார்கள்.

தம்பி எல்லாவற்றையும் மாற்றிவிட்டார். இன்று காலை கடைசிச் சந்தேகம் கேட்டார்: பெயருக்கு முன்னால் ரெவரண்ட் என்று வருகிறதே, அதை என்ன செய்ய? 'வண.' போடு என்றேன். இலங்கைத் தமிழ்ப் பத்திரிகைகள் பாதிரியாருக்கும் தேரருக்கும் அதைத்தான் போடுகின்றன.