இணைப்பு எந்த இடத்தில் நின்றது? ஜாவா நிரல் தரவுத்தளத்தை அடையும் வழி

ஜாவாவில் எழுதப்பட்ட ஒரு நிரல் தரவுத்தளத்தோடு இணைய முடியாமல் நிற்கும்போது, திரையில் ஐம்பது அறுபது வரிகளுக்குப் பிழைச் செய்தி கொட்டுகிறது. பலர் அதன் முதல் வரியை மட்டும் எடுத்துத் தேடுபொறியில் இட்டு, கிடைக்கும் தீர்வுகளை ஒவ்வொன்றாகச் செய்துபார்க்கத் தொடங்குகிறார்கள். நிரலையும் தரவுத்தளத்தையும் இணைக்கும் இடைமென்பொருளான டிரைவரின் பதிப்பை மாற்றுகிறார்கள், கடவுச்சொல்லைத் திரும்பத் தட்டச்சு செய்கிறார்கள், ஃபயர்வாலை அணைத்துப் பார்க்கிறார்கள். ஏதோ ஒன்று பலித்துவிடுவதும் உண்டு. எது பலித்தது, ஏன் பலித்தது என்பது மட்டும் கடைசி வரை விளங்குவதில்லை. இணைப்பு என்பது ஒரே செயல் அன்று. டிரைவரைக் கண்டறிதல், சர்வரின் முகவரியை அறிதல், வலைப்பின்னல் வழியே அதை அடைதல், மறையாக்கத்துக்கு உடன்படுதல், பயனரைச் சரிபார்த்தல் என்று ஒன்றன்பின் ஒன்றாக நிகழும் கட்டங்களின் தொடர் அது. ஒவ்வொரு கட்டமும் தோற்கும்போது தனக்கே உரிய அடையாளத்தை விட்டுச்செல்கிறது. ஆகவே பிழைச் செய்தியிடம் முதலில் கேட்க வேண்டியது, முயற்சி எந்தக் கட்டம் வரை போய் நின்றது என்பதைத்தான்.

ஜாவா நிரல்கள் தரவுத்தளங்களோடு பேசுவதற்கான ஜேடிபிசி என்னும் இடைமுகத் தொகுப்பு 1997இல், ஜாவா மேம்பாட்டுத் தொகுப்பான ஜேடிகேயின் 1.1 பதிப்போடு வெளியானது. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் அதில் கடைப்பிடித்த முறை எளியது: இணைப்பு, கட்டளை, விடைத்தொகுதி ஆகியவை எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதை மட்டும் ஜாவா வரையறுக்கும், உண்மையான வேலையைச் செய்யும் டிரைவரை அந்தந்தத் தரவுத்தளத்தை உருவாக்கியவர்கள் எழுதித் தருவார்கள். இன்று புழக்கத்தில் உள்ள டிரைவர்களில் பெரும்பாலானவை முழுக்க ஜாவாவிலேயே எழுதப்பட்டவை. தரவுத்தளத்தின் வலைப்பின்னல் மொழியை அவை நேரடியாகப் பேசும். ஓடிபிசி என்னும் பழைய பொது இடைமுகத்தின் வழியே தரவுத்தளத்தை அடையத் தொடக்க காலத்தில் உதவிய பாலம் 2014இல் வந்த ஜாவா 8இலேயே நீக்கப்பட்டுவிட்டது. பழைய பாடநூல் ஒன்றின் எடுத்துக்காட்டைத் தட்டச்சு செய்து ஓட்டும் மாணவருக்கு அது ஓடாமல் போவதற்கு இதுவே காரணமாக இருக்கக்கூடும்.

முதற்கட்டத்தில் தோன்றும் மிகப் பிரபலமான பிழை ‘நோ சூட்டபிள் டிரைவர்’ என்பது. இதைக் கண்டவுடன் டிரைவரின் வகுப்புகளைத் தாங்கிய ஜார் கோப்பு இல்லை என்று முடிவு கட்டுவது வழக்கம். அது பாதி உண்மைதான். நிரல் இணைப்புக் கேட்டதும் ‘டிரைவர் மேனேஜர்’ என்னும் வகுப்பு, தன்னிடம் பதிவாகியுள்ள டிரைவர்களிடம் இணைப்பு முகவரியை வரிசையாகக் கொடுத்துப் பார்க்கிறது. முகவரியின் முன்பகுதியைப் பார்த்து, இது தனக்குரியது அன்று என்று கருதும் டிரைவர் எந்தப் பிழையும் எழுப்பாமல் வெறுமையைத் திருப்பித் தருகிறது. உடனே அடுத்த டிரைவரிடம் முகவரி போகிறது. எல்லா டிரைவர்களும் வெறுமையையே தந்தால் மட்டுமே இந்தப் பிழை எழும். எனவே ஜார் கோப்பு சரியான இடத்தில் இருந்தும், முகவரியில் தரவுத்தளத்தின் பெயரை ‘போஸ்ட்கிரெஸ்க்யூஎல்’ என்று எழுத வேண்டிய இடத்தில் சுருக்கமாக ‘போஸ்ட்கிரெஸ்’ என்று எழுதிவிட்டால், அல்லது நடுவில் ஒரு முக்காற்புள்ளி விடுபட்டுவிட்டால், இதே செய்திதான் வரும். செய்தியின் இறுதியில் முகவரி முழுமையாக அச்சாகியிருக்கும். அதை எழுத்தெழுத்தாகப் படித்துப் பார்ப்பதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. அமைப்புக் கோப்பிலிருந்து முகவரியைப் படிக்கும் நிரல்களில், முகவரிக்கு முன்னால் ஒரு மேற்கோள்குறி ஒட்டிக்கொண்டிருப்பதும் அங்கே தென்படும்.

முகவரி பிழையற்றது என்றால், டிரைவர் ஏன் பதிவாகவில்லை என்று பார்க்க வேண்டும். ஒரு காலத்தில் டிரைவர் வகுப்பின் பெயரைக் குறிப்பிட்டு ஏற்றும் ஒரு வரியை நிரலிலேயே எழுத வேண்டியிருந்தது. 2006இல் ஜாவா 6உடன் வந்த ஜேடிபிசி 4.0 அந்தத் தேவையை நீக்கியது: ஒவ்வொரு டிரைவரின் ஜார் கோப்புக்குள்ளும் ‘மெட்டா-இன்ஃப்’ அடைவின் சேவைப் பட்டியலில் டிரைவர் வகுப்பின் பெயரைத் தாங்கிய சிறு உரைக்கோப்பு இருக்கும், டிரைவர் மேனேஜர் அதைப் படித்துத் தானாகவே வகுப்பை ஏற்றிக்கொள்ளும். வசதிதான், ஆனால் பிழையையும் கண்ணுக்குத் தெரியாத இடத்துக்கு அது நகர்த்திவிட்டது. எல்லாச் சார்புகளையும் ஒரே பெரிய ஜார் கோப்பாகக் கட்டும்போது, இரண்டு டிரைவர்களின் சேவைக் கோப்புகளுக்கும் பெயர் ஒன்றே என்பதால், ஒன்று மற்றொன்றின் மேல் எழுதப்பட்டுவிடலாம். மேம்பாட்டாளரின் கணினியில் ஓடிய நிரல் சர்வரில் ஏற்றியதும் ஒரு தரவுத்தளத்தை மட்டும் மறந்துவிடுவது இதனால்தான். ஜார் கோப்புகளை இப்படி ஒன்றாகக் கட்டும் மேவன் ஷேட் செருகியில் சேவைக் கோப்புகளை மேலெழுதாமல் ஒன்றிணைக்கும் மாற்றி ஒன்று உண்டு. அதைச் சேர்த்தால் சிக்கல் தீரும்.

டாம்கேட் போன்ற வலைச் சர்வர்களில் இன்னொரு நுட்பம் உண்டு. அங்கே ஒவ்வொரு செயலிக்கும், வகுப்புகளை நினைவகத்தில் ஏற்றும் கிளாஸ் லோடர் தனித்தனியாக இயங்குகிறது. டிரைவர் மேனேஜரோ ஜாவா இயந்திரம் முழுமைக்கும் பொதுவானது. டிரைவர்களைத் தேடும் வேலையை அது ஒரு முறைதான் செய்யும். நினைவகக் கசிவைத் தவிர்ப்பதற்காக டாம்கேட் அந்தத் தேடலைத் தன் தொடக்கத்திலேயே, செயலிகள் ஏறும் முன்பே நடத்திவிடுகிறது. அதனால் செயலியின் சொந்த நூலக அடைவில் வைத்த டிரைவர் அதன் கண்ணில் படுவதே இல்லை. ஜார் கோப்பு இருக்கிறது, முகவரி சரி, பதிப்பும் சரி. ஆனாலும் ‘நோ சூட்டபிள் டிரைவர்’. டிரைவர் வகுப்பின் பெயரை வெளிப்படையாகக் குறிப்பிடும் அந்தப் பழைய வரி இங்கே இன்றும் தேவைப்படுகிறது. அந்த வரியைக் காலாவதியான பழக்கம் என்று அகற்றியபின் செயலி நின்றுபோனதாகச் சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை.

டிரைவர் கிடைத்தபின் வரும் பிழைகள் வேறு குரலில் பேசும். மைஎஸ்க்யூஎல் தரவுத்தளத்தைப் பயன்படுத்துவோர் ‘கம்யூனிகேஷன்ஸ் லிங்க் ஃபெயிலியர்’ என்னும் செய்தியை நன்கு அறிவார்கள். இது ஓர் உறை மட்டுமே; உண்மையான காரணம் கீழே, ‘காஸ்டு பை’ என்று தொடங்கும் வரிகளில் கடைசியாக உள்ளதில் இருக்கும். அங்கே ‘அன்நோன் ஹோஸ்ட்’ என்றிருந்தால் பெயரை முகவரியாக மாற்றுவதிலேயே, அதாவது டிஎன்எஸ் கட்டத்திலேயே முயற்சி நின்றுவிட்டது. ‘கனெக்ஷன் ரெஃப்யூஸ்டு’ என்பது மறுப்பாகத் தோன்றினாலும் ஒரு வகையில் நல்ல செய்தி: அந்த முகவரியில் ஓர் இயந்திரம் இருக்கிறது, அது பதிலும் சொல்கிறது, ஆனால் நாம் தட்டிய போர்ட்டில், அதாவது சேவைக்கான எண்ணிட்ட வாயிலில், எந்த நிரலும் காத்திருக்கவில்லை என்பதே பெரும்பாலும் அதன் பொருள். ‘கனெக்ட் டைம்ட் அவுட்’ என்றால் அனுப்பிய பாக்கெட்டுக்குப் பதிலே இல்லை. வழியில் ஒரு ஃபயர்வால் அதை ஓசையின்றி விழுங்கியிருக்கலாம், அல்லது அந்த முகவரியில் இயந்திரமே இல்லாமலிருக்கலாம். மறுப்பு நொடிப்பொழுதில் வரும், மௌனம் பல நொடிகள் நீளும் என்பதால், கடிகாரத்தைப் பார்த்தே இவ்விரண்டையும் பிரித்தறியலாம்.

மறுப்புக்கு அடிக்கடி காணும் காரணங்கள் இரண்டு. போஸ்ட்கிரெஸ்க்யூஎல் நிறுவியவுடன் தான் இருக்கும் இயந்திரத்திலிருந்து வரும் இணைப்புகளை மட்டுமே கேட்கும். வெளியிலிருந்து வருபவற்றை ஏற்க அதன் ‘லிசன் அட்ரசஸ்’ அமைப்பை மாற்றி, சர்வரை மறுபடி தொடங்க வேண்டும். மற்றொன்று, நிரல்களைத் தனித்தனிச் சூழல்களில் அடைத்து ஓட்டும் டாக்கர் கொள்கலன்கள் சார்ந்தது. கொள்கலனுக்குள் ஓடும் ஜாவா நிரலுக்கு ‘லோக்கல்ஹோஸ்ட்’ என்பது அந்தக் கொள்கலனேயன்றி, தரவுத்தளம் ஓடும் கணினியோ பக்கத்துக் கொள்கலனோ அன்று. பல கொள்கலன்களைச் சேர்த்து இயக்கும் டாக்கர் கம்போஸ் அமைப்பில் தரவுத்தளத்துக்கு இட்ட சேவைப் பெயரையே முகவரியில் எழுத வேண்டும்.

வழி திறந்தபின் மறையாக்கமும் அடையாளச் சரிபார்ப்பும் நடக்கின்றன. இங்கே எழும் சிக்கல்களுக்குப் பெரும்பாலும் காரணம், ஒரு பக்கம் புதுப்பிக்கப்பட்டு மறுபக்கம் பழையதாகவே இருப்பதுதான். 2021 ஏப்ரலில் வந்த ஜாவா புதுப்பிப்புகள் பழைய மறையாக்க நெறிமுறைகளான டிஎல்எஸ் 1.0, 1.1 ஆகியவற்றை முடக்கியபோது, நிரலில் ஒரு வரியும் மாறாமலே பழைய மைஎஸ்க்யூஎல் டிரைவர்கள் இணைய மறுத்தன. அப்போதும் மேலே தெரிந்தது ‘லிங்க் ஃபெயிலியர்’ என்னும் அதே உறைதான். போஸ்ட்கிரெஸ்க்யூஎல் 14 கடவுச்சொற்களை ஸ்க்ராம் என்னும் புதிய சரிபார்ப்பு முறையில் சேமிப்பதை இயல்பாக்கியபின், பழைய டிரைவர்கள் ‘அங்கீகார வகை 10 ஆதரிக்கப்படவில்லை’ என்று சொல்லத் தொடங்கின. மைக்ரோசாஃப்ட்டின் டிரைவர் 10.2 பதிப்பிலிருந்து மறையாக்கத்தை இயல்பாகவே கேட்பதால், தானே ஒப்பமிட்ட சான்றிதழ் வைத்திருந்த எஸ்க்யூஎல் சர்வர்களோடு இணைவதில் தகராறு வந்தது. சான்றிதழைச் சரிபார்க்காமல் நம்பிவிடும்படி அமைப்பதுதான் இதற்கு எங்கும் பரிந்துரைக்கப்படும் தீர்வு. சோதனைக் கணினிக்கு அது போதும், உண்மைத் தரவு ஓடும் இடத்தில் அந்தச் சான்றிதழை ஜாவா நம்பும் சான்றிதழ்களின் தொகுப்பான நம்பிக்கைக் கிடங்கில் சேர்ப்பதே முறை.

முயற்சி எந்தக் கட்டத்தில் நின்றது என்பதைக் காட்டும் மற்றோர் அடையாளம், பிழையோடு வரும் ஐந்தெழுத்து எஸ்க்யூஎல் நிலைக் குறியீடு. 08 என்று தொடங்கினால் கோளாறு இணைப்பில். 28 என்றால் அடையாளச் சரிபார்ப்பில். போஸ்ட்கிரெஸ்க்யூஎல்லில் 28பி01 தவறான கடவுச்சொல்லையும், 3டி000 இல்லாத தரவுத்தளத்தையும், 53300 இணைப்புகளின் எண்ணிக்கை எல்லை மீறியதையும் குறிக்கும். 28 கிடைத்தவர் ஃபயர்வாலைத் தொட வேண்டியதே இல்லை.

இதுவரை கண்டவை முதல் இணைப்பிலேயே வெளிப்படும் பிழைகள். நன்றாக ஓடிக்கொண்டிருந்த செயலி இடையில் நின்றுபோவதுதான் கடினமானது. அதைப் புரிந்துகொள்ள இணைப்புத் தொகுப்பு, அதாவது கனெக்ஷன் பூல், எப்படி இயங்குகிறது என்று அறிய வேண்டும். மேலே சொன்ன கட்டங்களை ஒவ்வொரு கோரிக்கைக்கும் திரும்பச் செய்வது வீண் என்பதால், திறந்த இணைப்புகளைச் சேர்த்து வைத்து, கேட்பவர்க்குக் கொடுத்து, முடிந்ததும் திரும்பப் பெறுகிறது பூல். நூலகம் புத்தகங்களை இரவல் தருவது போலத்தான். ஜாவா செயலிகளுக்கான சட்டகமான ஸ்பிரிங் பூட்டில் 2.0 பதிப்பு முதல் இயல்பாக வரும் ஹிக்காரி பூல், வேறு எண் கொடுக்காவிட்டால், அதிகபட்சம் 10 இணைப்புகளை வைத்திருக்கும். பத்தும் வெளியே இருந்தால் அடுத்துக் கேட்பவரை 30 நொடிகள் காக்க வைத்து, பிறகு ‘கனெக்ஷன் இஸ் நாட் அவைலபிள்’ என்று கைவிரிக்கும். இந்தச் செய்தியைக் கண்டு தரவுத்தளம் விழுந்துவிட்டது என்று நிர்வாகியை அழைப்பவர்கள் பலர். அவர் பார்க்கும்போது தரவுத்தளம் வேலையின்றி உட்கார்ந்திருக்கும்.

காரணம் பெரும்பாலும் நிரலுக்குள்தான் இருக்கிறது. இணைப்பை எடுத்த ஒரு செயற்கூறு, பிழை நேர்ந்த பாதையில் அதை மூடாமல் வெளியேறினால், அந்த இணைப்பு பூலுக்குத் திரும்புவதில்லை. இப்படிப் பத்து முறை நடந்தால் பூல் காலி. ஜாவா 7 கொண்டுவந்த ‘ட்ரை-வித்-ரிசோர்சஸ்’ அமைப்புக்குள் இணைப்பைத் திறப்பது இதை அடியோடு தவிர்க்கும். ஹிக்காரியில் கசிவைக் கண்டறியும் ஓர் அமைப்பும் உண்டு; இயல்பாக அது அணைந்திருக்கும், ஆனால் ஒரு கால அளவைக் கொடுத்து இயக்கினால், அதற்கு மேல் திரும்பாத இணைப்பை எடுத்துச்சென்ற வரி எது என்றே பதிவேட்டில் எழுதிவிடும். கசிவே இல்லாமலும் பூல் வற்றலாம். பரிவர்த்தனையை, அதாவது ஒன்றாக முடிய வேண்டிய கட்டளைகளின் தொகுதியை, திறந்து வைத்துக்கொண்டு, நடுவில் வேறொரு வலைச் சேவையின் பதிலுக்குக் காத்திருக்கும் நிரலில், அந்தச் சேவை சற்று மந்தமானாலே போதும்.

பூலின் அளவைக் கூட்டிவிடலாமே என்று தோன்றும். போஸ்ட்கிரெஸ்க்யூஎல் இயல்பாக 100 இணைப்புகளை ஏற்கிறது. அவற்றில் 3 உயர்நிலைப் பயனருக்கு ஒதுக்கப்பட்டவை. ஆகவே பத்து இணைப்புப் பூலோடு ஒரே செயலியின் பத்துப் பிரதிகளை ஓட்டினாலே, எல்லாப் பூல்களும் நிறையும்போது எல்லை தாண்டிவிடும். மைஎஸ்க்யூஎல்லின் இயல்பு எல்லை 151. ஒவ்வொரு பிரதியிலும் பூலை 50 ஆக்கும்போது, அந்த எண்ணைப் பிரதிகளின் எண்ணிக்கையால் பெருக்கிப் பார்ப்பவர்கள் குறைவு.

கடைசியாக, பார்வைக்கு உயிரோடிருந்தும் இறந்துபோன இணைப்புகள். மைஎஸ்க்யூஎல் 28,800 நொடிகள், அதாவது எட்டு மணி நேரம் பேச்சற்றிருக்கும் இணைப்பைத் தானே மூடிவிடும். எனவே இரவு முழுவதும் ஆளில்லாத அலுவலகச் செயலியில், காலையில் முதலில் நுழைபவருக்கு மட்டும் பிழை வரும்; இரண்டாம் முறை முயன்றால் சரியாகிவிடும். பிழைச் செய்தியில் கடைசிப் பாக்கெட் வந்து எத்தனை மில்லி நொடிகள் ஆயின என்று மைஎஸ்க்யூஎல் டிரைவரே குறிப்பிட்டிருக்கும். ஒரு பாக்கெட்டும் வரவில்லை என்று அது சொன்னால் புதிய இணைப்பே அமையவில்லை என்றும், மிகப் பெரிய எண்ணைச் சொன்னால் பழைய இணைப்பு மாண்டது என்றும் கொள்ளலாம். அறுந்த இணைப்பைத் தானே மீட்கும் ‘ஆட்டோ ரீகனெக்ட்’ அமைப்பை இயக்கு என்பது இதற்குக் காலங்காலமாகச் சொல்லப்படும் தீர்வு. பரிவர்த்தனையின் நிலை குலையக்கூடும் என்பதால் மைஎஸ்க்யூஎல்லின் ஆவணமே அதைப் பரிந்துரைப்பதில்லை. பூலில் இணைப்பின் ஆயுள் எல்லையைச் சர்வரின் எல்லையைவிடக் குறைவாக வைப்பதே நேரான வழி.

சர்வர் மூடும்போது மறுமுனைக்குத் தகவலாவது அனுப்பும். நடுவிலுள்ள கருவிகள் பலவும் அதைக்கூடச் செய்வதில்லை. அமேசான் மேகத்தின் உள்வலையை வெளியுலகோடு இணைக்கும் நாட் கேட்வே 350 நொடிகள் அசைவற்ற இணைப்பை மறந்துவிடுகிறது. லினக்ஸோ இயல்பு அமைப்பில் 7,200 நொடிகள் கழித்தே உயிருண்டா என்று சோதிக்கும் பாக்கெட்டை அனுப்புகிறது, அதுவும் நிரல் கேட்டிருந்தால் மட்டுமே. நீண்ட நேரம் ஓடும் ஒரு வினவலுக்குக் காத்திருக்கும்போது இது நேர்ந்தால், விடை ஒருபோதும் வராது. மைஎஸ்க்யூஎல், போஸ்ட்கிரெஸ்க்யூஎல் டிரைவர்கள் இரண்டிலும் பதிலுக்குக் காத்திருக்கும் நேர எல்லையான ‘சாக்கெட் டைம்அவுட்’ இயல்பாக 0, அதாவது எல்லையில்லை என்பதால், காத்திருக்கும் இழை, அதாவது நிரலுக்குள் தனியே ஓடும் செயல்தொடர், மணிக்கணக்கில் நின்றுகொண்டே இருக்கும். பிழைச் செய்தியே இல்லாத இந்நிலையில் ‘ஜேஸ்டேக்’ கருவியால் இழைகளின் நிலையைப் பதிவு செய்து பார்த்தால், சாக்கெட்டைப் படிக்கும் இடத்தில் அவை உறைந்திருப்பது தெரியும். சாக்கெட் டைம்அவுட்டுக்கு ஓர் எண் கொடுத்தால் இது தீரும். ஆனால் அந்த எண், முறையாக ஓடும் மிக நீண்ட வினவலின் நேரத்தைவிடப் பெரிதாக இருக்க வேண்டும், இல்லையெனில் மாதக் கடைசி அறிக்கை ஒவ்வொரு முறையும் பாதியில் வெட்டுப்படும். அத்தகைய அறிக்கைகளுக்கு நீண்ட எல்லையோடு தனிப் பூல் ஒன்றை ஒதுக்கிவிட்டால், பயனர் காத்திருக்கும் பக்கங்களுக்கான எல்லையைச் சில நொடிகளாகவே வைத்துக்கொள்ளலாம்.