பூச்சி மருந்து கொடுத்தும் பூச்சி வருவது ஏன்?

பினாங்கின் ஜெலுத்தோங்கிலிருந்து ஓர் அம்மா மூன்றாவது முறையாகத் தன் நாய் ஜாக்கியைத் தூக்கிக்கொண்டு வந்தார். "போன மாசம்தானே டாக்டர் பூச்சி மருந்து கொடுத்தீங்க? திரும்ப வந்துடுச்சே!" வாலுக்கு அடியில் காய்ந்த அரிசிமணி மாதிரி இரண்டு ஒட்டியிருந்தன.

பயிற்சிக்கு வந்திருந்த மாணவி மலத்தை உப்புக் கரைசலில் மிதக்கவிட்டுப் பார்த்துவிட்டு, "முட்டையே இல்லை டாக்டர்" என்றார். அவர் செய்த முறை சரிதான். நாடாப்புழுதான் அப்படி. டிப்பிலிடியம் என்ற இந்த வகை, முட்டைகளைத் தனித்தனியாக விடாது. தன் உடலிலிருந்து கழன்று விழும் துண்டுக்குள் வைத்தே அனுப்பும். அந்த 'அரிசி'யை ஒரு சொட்டு நீரில் நசுக்கிப் பார்க்கச் சொன்னேன். பை பையாக முட்டைகள். மாணவி லென்ஸை விட்டு நகரவே இல்லை.

சரி, மருந்து பொய்த்ததா? இல்லை. போன மாதம் கொடுத்த பிராசிகுவான்டெல் என்ற புழு மருந்து அன்றைக்குக் குடலில் இருந்த புழுவைக் கொன்றுவிட்டது. ஆனால் இந்தப் புழுவுக்கு இரண்டு வீடுகள். வளர்ந்து முட்டையிடுவது நாயிடம். அது இறுதி ஓம்புயிர். குஞ்சுப் பருவம் கழிவது தெள்ளுப்பூச்சியிடம். அது இடைநிலை ஓம்புயிர். வளர்ந்த தெள்ளு இரத்தம் மட்டுமே உறிஞ்சும், முட்டையை அதனால் விழுங்க முடியாது. பாயிலும் தூசியிலும் நெளியும் அதன் புழுப்பருவம்தான் முட்டையைத் தின்னும். அது வளர்ந்து நாய்மேல் ஏறுகிறது, நாய் அரிப்பில் கடித்து விழுங்குகிறது, இரண்டு மூன்று வாரத்தில் மறுபடியும் அரிசி. குடற்புழுவையும் நாம் 'பூச்சி' என்றே சொல்லிப் பழகிவிட்டோம். நிஜப் பூச்சி தப்பிவிடுகிறது.

"எங்க ஜாக்கிக்குத் தெள்ளெல்லாம் கிடையாது" என்றார் அந்த அம்மா. முதுகைச் சீப்பால் வாரி, விழுந்த கருப்புத் துகள்களை ஈர டிஷ்யூவில் தட்டினேன். ஓரமெல்லாம் செம்பழுப்பாகப் படர்ந்தது. தெள்ளின் எச்சம், அதாவது செரித்த இரத்தம்.

மாணவர்களிடம் நான் முதலில் கேட்பது மருந்தின் பெயரை அல்ல. நாய்க்கு வெளியே இருக்கும்போது அந்த ஒட்டுண்ணி எங்கே இருக்கிறது என்பதைத்தான். உருண்டைப்புழுவின் முட்டை விழுந்த அன்றே தொற்றாது. மண்ணில் இரண்டு வாரமாவது முதிர வேண்டும். அதனால்தான் மலத்தை அன்றன்றே அள்ளச் சொல்கிறோம். கொக்கிப்புழுவின் இளம்புழு ஈரமண்ணில் காத்திருந்து தோல்வழி நுழையும், வெறுங்காலோடு நடக்கும் நம் தோலிலும்தான். இதயப்புழுவுக்குக் கொசு வேண்டும். பினாங்கின் வெக்கையிலும் ஈரத்திலும் இவை எதற்கும் ஓய்வுக் காலம் கிடையாது.

ஜாக்கிக்குப் புழு மருந்தோடு தெள்ளுக்கான சொட்டு மருந்தும் போட்டோம். பாயை வெந்நீரில் துவைத்து, சோபா இடுக்கையெல்லாம் வேக்கும் பண்ணச் சொன்னேன். கூட்டுப்புழுப் பருவத்தில் கூட்டுக்குள் இருக்கும் தெள்ளை மருந்து எளிதில் எட்டாது என்பதால், சில மாதங்களுக்கு விடாமல் செய்ய வேண்டும் என்றும் சொல்லி வைத்தேன்.

கிளம்பும்போதுதான் கேட்கத் தோன்றியது: "வீட்டில் பூனை உண்டா?"

"நம்ம பூனை இல்ல டாக்டர். சும்மா வரும், சோறு வைப்பேன். ஜாக்கி பாயிலதான் படுக்கும்."

பூனைக்கும் ஒரு சொட்டு மருந்து எடுத்து வைத்தேன்.