பிளேட் ஏற்றினால் வானின் பலம் ஏறுமா?

கச்சான் (தென்மேற்குப் பருவக்காற்று) வீசும் மாதங்களில் திருகோணமலைக் கடல் அடங்கிக் கிடக்கும். வள்ளங்களுக்கு நல்ல காலம். கரையில் மீன் குவியும். அதை ரெஜிபோம் (தெர்மோகோல்) பெட்டிகளில் ஐஸோடு அடுக்கி, கந்தளாய், ஹபரணை வழியாக வெளியூர்களுக்கு வான் வண்டிகளில் ஏற்றுவார்கள். பெட்டி ஏறும்போது வானின் பின் டயருக்கும் அதற்கு மேலுள்ள தகரத்துக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியைக் கவனித்துப் பாருங்கள். தொடக்கத்தில் ஒரு சாண் இருக்கும். கடைசிப் பெட்டி ஏறும்போது நாலு விரல்தான் மிஞ்சும். கொஞ்ச நாளில் அந்த வான் கராஜில் நிற்கும். "பின்பக்கம் இருத்துது பாஸ், ரெண்டு பக்கமும் ஒவ்வொரு பிளேட் ஏத்தி விடுங்கோ."

கராஜ் பாஸ் பிளேட் ஏற்றுவார். வானும் நிமிர்ந்து நிற்கும். அதன் பிறகு எவ்வளவு ஏற்றினாலும் வான் தாங்கும் என்று சாரதி நம்பிவிடுகிறார். ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது.

பின்பக்க ஸ்பிரிங் என்பது ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய உருக்குத் தகடுகள்; அந்தத் தகடுதான் பிளேட். இரண்டு நுனியும் வானின் சட்டத்தில் மாட்டப்பட்டிருக்கும். நடுப்பகுதி யூ வடிவ போல்டால், சக்கரங்களைத் தாங்கும் அச்சோடு இறுக்கப்பட்டிருக்கும். ஒரே அளவான நாலு பிளேட் இருந்த இடத்தில் ஐந்தாவதைச் சேர்த்தால் விறைப்பு கால் பங்கு கூடும். முன்பு 10 செ.மீ. தாழ்ந்த வான் அதே சுமைக்கு இனி 8 செ.மீ. மட்டும் தாழும். பிளேட்டின் தடிப்பு இதைவிடப் பெரிய வித்தியாசம் காட்டும், ஏனென்றால் விறைப்பு தடிப்பின் மும்மடியோடு (தடிப்பு × தடிப்பு × தடிப்பு) ஏறும். 6 மி.மீ. பிளேட்டைக் கழற்றி 8 மி.மீ. பிளேட் போட்டால், அந்த ஒரு பிளேட் மட்டும் ஏறத்தாழ 2.4 மடங்கு விறைத்துவிடும். வெறும் வானாகத் திரும்பி வரும்போது பின்பக்கம் குதிரை மாதிரித் துள்ளுவது இதனால்தான்.

ஆனால் பிளேட்டுக்குக் கீழே என்ன இருக்கிறது? அச்சின் உறை, பேரிங், ரிம், டயர். மேலே ஏற்றிய ஒவ்வொரு கிலோவும் இவை எல்லாவற்றின் வழியாகவும் இறங்கித்தான் தரைக்குப் போக வேண்டும். ஓர் அச்சு தாங்கும் எல்லை என்று தயாரிப்பாளர் ஓர் எண் கொடுக்கும்போது, இந்த வரிசையில் எது மிகவும் பலம் குறைந்ததோ அதற்கு மேல் போகாமல்தான் கொடுக்கிறார். பிளேட் ஏற்றினால் வரிசையில் ஒரு கண்ணி மட்டும்தான் தடிக்கிறது. மற்றவை பழையபடியே இருக்கின்றன. என் பார்வையில் இதைவிட மோசமான ஒன்றும் நடக்கிறது: சுமை கூடிவிட்டது என்று கண்ணுக்குக் காட்டிக்கொடுத்தது அந்த நாலு விரல் இடைவெளிதான். அதையும் நாம் மறைத்துவிடுகிறோம்.

பேரிங்கை எடுத்துக்கொள்வோம். பால் பேரிங்கின் ஆயுள் சுமையின் மும்மடிக்கு எதிராகக் குறையும். கால் பங்கு சுமை கூடினால் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகிவிடும். அது அன்றைக்கே உடையாது. இரண்டு வருடம் ஓட வேண்டியது ஒரு வருடத்தில் சத்தம் போடும். அதனால்தான் உடையும்போது யாரும் சுமையைக் குறை சொல்வதில்லை, "சாமான் சரியில்லை" என்பார்கள்.

டயர் அப்படிப் பொறுமையாக இருக்காது. பல வான்களில் 195ஆர்15சி என்ற அளவு டயர் இருக்கும். அதன் பக்கச் சுவரில் 106/104 என்று அச்சிட்டிருப்பதைப் பாருங்கள். அது கிலோ கணக்கு இல்லை, குறியீடு. 106 என்றால் 950 கிலோ, 104 என்றால் 900 கிலோ. முதல் எண் ஒற்றை டயருக்கு, இரண்டாவது எண் லொறியில் போல இரட்டையாகப் போடும்போது. ஆக, பின்னால் இரண்டு டயரும் சேர்ந்து 1900 கிலோ. இதில் வானின் சொந்த எடையில் பின் அச்சுக்கு வரும் பங்கும் அடங்கும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். விலை குறைவு என்று கார் டயரை வானுக்குப் போடுகிறவர்களும் உண்டு. 91 என்று அச்சிட்ட கார் டயர் 615 கிலோவுக்கானது. வான்களில் போடும் கார் டயரின் எல்லையை அமெரிக்க விதிகள் 1.10 ஆல் வகுத்துத்தான் எடுத்துக்கொள்ளச் சொல்கின்றன. அப்படிப் பார்த்தால் ஒரு டயருக்கு 559 கிலோதான்.

இந்த எண்கள் எல்லாம் காற்று சரியாக இருந்தால் மட்டுமே. உண்மையில் சுமையைத் தூக்குவது ரப்பர் இல்லை, உள்ளே அடைபட்ட காற்று. 65 பீஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) காற்றோடு 900 கிலோவைச் சுமக்கும் டயர் தரையைத் தொடும் இடம் ஏறத்தாழ 14 செ.மீ. சதுரம். விரித்த கையால் மூடிவிடலாம். காற்று குறைந்தால் அந்த இடம் அகலும், பக்கச் சுவர் ஒவ்வொரு சுற்றிலும் அதிகமாக மடிந்து விரியும். மடியும் ரப்பர் சூடாகும். சூடு மிஞ்சினால் ரப்பரும் உள்ளே இருக்கும் கம்பிப் பின்னலும் ஒன்றைவிட்டு ஒன்று பிரியும். மீன் அதிகம் படும் காலமும் தார் வீதி கொதிக்கும் காலமும் நம் ஊரில் ஒன்றாகவே வருகின்றன. பாரம், வெயில், வேகம் மூன்றும் ஒரே டயரில் கூடுகின்றன.

காற்றைக் காலையில், டயர் குளிர்ந்திருக்கும்போது பார்க்க வேண்டும். உள்ளே இருக்கும் காற்று 27 பாகை செல்சியஸிலிருந்து 57 பாகைக்குச் சூடானால் 65 இருந்தது 73 காட்டும். அது இயல்பு. வழியில் நிறுத்தி, "காற்று கூடிட்டு" என்று திறந்துவிட்டால் அடுத்த நாள் காலையில் டயர் குறைந்த காற்றோடு நிற்கும்.

அப்புறம், எங்கே ஏற்றுகிறோம் என்பது. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 2.57 மீட்டர் உள்ள ஒரு வானில், பின் அச்சிலிருந்து அரை மீட்டர் பின்னால், கதவோரமாக 300 கிலோ வைத்தால் பின் அச்சில் 300 ஏறாது, 358 ஏறும். மிச்ச 58 கிலோ முன் அச்சிலிருந்து கழன்றது. சீசோப் பலகையின் கணக்கேதான். முன் சக்கரம் இலேசானால் ஸ்டீயரிங்கும் இலேசாகும், மழைநாளில் வான் சொன்ன பேச்சுக் கேட்காது. இறக்குவதற்கு வசதி என்று பாரமான பெட்டியைக் கதவோரம் வைக்கும் பழக்கத்தை விட்டு, அதை இருக்கைக்குப் பின்னால் தள்ளினாலே ஒரு செலவும் இல்லாமல் பின் அச்சுக்குப் பெரிய ஆறுதல்.

மீன் வான்களுக்கு இன்னொரு எதிரி உப்புத் தண்ணீர். ஐஸ் உருகி, மீன் தண்ணீரோடு கலந்து, தளத்தின் இடுக்கால் சொட்டி, பிளேட்டுகளின் நடுவே தேங்கும். சுமை ஏறி பிளேட் நிமிரும்போது அதன் மேற்பரப்புத்தான் இழுபடும். அங்கே துரு தின்ற ஒரு சிறு குழி இருந்தால் போதும், வெடிப்பு அதிலிருந்தே தொடங்கும். உடைந்த பிளேட்டைக் கையில் எடுத்துப் பாருங்கள். வெட்டு முகத்தில் ஒரு பகுதி கறுத்து, துருப்பிடித்திருக்கும். மற்றப் பகுதி புதிதாக மின்னும். கறுத்த பகுதி நாட்கணக்காக வெடித்துக்கொண்டிருந்தது, மின்னும் பகுதி அன்றைக்கு ஒரே அடியில் போனது. ஒவ்வொரு ஓட்டமும் முடிந்ததும் நல்ல தண்ணீரால் அடிப்பக்கத்தைக் கழுவினால் பிளேட் கூடுதல் காலம் நிற்கும்.

சரி, உங்கள் வானின் பின் அச்சில் உண்மையில் எவ்வளவு இருக்கிறது? லொறி நிறுக்கும் தராசு இருக்கும் இடத்தில், வழக்கமான பாரத்தோடு, சாரதியும் உள்ளே இருக்க, முதலில் முழு வானையும் நிறுங்கள். பிறகு முன் சக்கரங்கள் மட்டும் தட்டில் நிற்கும்படி நிறுத்தி நிறுங்கள். முதல் எண்ணிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் பின் அச்சின் சுமை. அதை இரண்டால் வகுத்து, டயரில் உள்ள குறியீட்டுக்குரிய கிலோவோடு ஒப்பிடுங்கள். பெட்டிகள் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தால் அந்தப் பக்கத்து டயருக்கு அதைவிடக் கூடுதலாக விழும்.