சட்டம் நிறைவேறிவிட்டது, விதிகள் எப்போது வரும்?

சட்டப்பேரவையில் ஒரு சட்டம் நிறைவேறியதும், இனித் தங்கள் உரிமை உறுதியாகிவிட்டது என்ற நம்பிக்கையோடு வருபவர்களிடம், அதன் கீழான விதிகள் அரசிதழில் வெளிவந்துவிட்டனவா என்று முதலில் பார்க்கச் சொல்கிறேன். எந்தப் படிவம், என்ன கட்டணம், எத்தனை நாளில் முடிவு என்பவற்றைப் பெரும்பாலும் விதிகளே சொல்கின்றன. தமிழ்நாட்டின் 1960ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்கு மாற்றாக 2017இல் இயற்றப்பட்ட சட்டம், 2019 பிப்ரவரி 22 அன்றுதான் நடைமுறைக்கு வந்தது. அதன் விதிகளும் 2019ஆம் ஆண்டுக்குரியவையே. இடைப்பட்ட காலம் முழுவதற்கும் வரைவுப் பணியே காரணம் என்பது நியாயமாகாது. ஆயினும் வீட்டு உரிமையாளரும் வாடகைதாரரும் காத்திருந்தார்கள் என்பது உண்மை.

விதிகளின் முதல் வரைவு பொதுவாக அந்தப் பொருளைக் கையாளும் நிர்வாகத் துறையில் உருவாகிறது. செலவு இருந்தால் நிதித் துறையின் இசைவு வேண்டும்; பிறகு கோட்டையிலுள்ள சட்டத் துறை, மூலச் சட்டம் அளித்த அதிகாரத்தை வரைவு மீறுகிறதா என்பதையும் சொல்லமைப்பையும் ஆராய்கிறது. எந்தக் கோப்பு முந்தும்? நான் கவனித்தவரையில், பேரவைக் கூட்டத்தொடருக்கான சட்டமுன்வடிவுகளும் அவசரச் சட்டங்களும் நீதிமன்றம் கெடு விதித்தவையும் முன்னே செல்கின்றன. கெடு எதுவும் இல்லாத விதிகள் பின்தங்குகின்றன. குழப்பமான குறிப்புடன் வரும் கோப்பு, விளக்கம் கேட்டுத் திரும்பி, மறுபடியும் வரிசையின் கடைசிக்குப் போகிறது.

இதில் பணத்துக்கும் பங்குண்டு. சட்டத் துறையின் செலவுக்கு அதற்கான மானியக் கோரிக்கையின் (ஒரு துறையின் செலவுக்குப் பேரவையின் ஒப்புதல் கேட்கும் கோரிக்கை) வழியே ஆண்டுதோறும் நிதி ஒதுக்கப்படுகிறது. ஆகவே ஒரு புதிய சட்டம் எத்தனை விதிகளைக் கோரினாலும், அவற்றை எழுதும் ஆட்கள் தாமாகவே கூடிவிடுவதில்லை. பிரிட்டனில் பெரும்பாலான ஒழுங்குவிதிகளை எழுதும் அரசு சட்டத் துறை வழக்கறிஞர்களின் செலவு, அவர்களிடம் பணி கேட்கும் துறைகளிடமிருந்து வசூலிக்கப்படுகிறது. கேட்பதற்கு முன் யோசிக்க அது தூண்டும். ஆனால் நிதி குறைந்த துறை, மிகத் தேவையான விதியையும் தள்ளிப்போடக்கூடும் என்பதால் அதை அப்படியே இங்கே கொண்டுவர நான் பரிந்துரைக்கமாட்டேன். அதைவிட, செலவு பிடிக்கும் சட்டமுன்வடிவுகளோடு இணைக்கப்படும் நிதிக் குறிப்பிலேயே விதிகளை வரைவதற்கான பணியாளர் செலவையும் காட்ட வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. அப்போது இந்தக் கேள்வி பேரவையிலேயே எழும்.

சங்கங்களும் குடியிருப்போர் அமைப்புகளும் கோரிக்கை மனுவில் 'விதிகளை விரைவில் வெளியிடுக' என்று மட்டும் எழுதினால் போதாது. எந்தப் பிரிவின் கீழ் விதி தேவை, அது இல்லாததால் எந்த விண்ணப்பம் நிற்கிறது என்பதையும் குறிப்பிட வேண்டும். முன்வெளியீடு கட்டாயம் என்று மூலச் சட்டம் சொன்னால், வரைவை அரசு வெளியிட்டு, குறித்த நாளுக்குள் வரும் ஆட்சேபங்களைக் கருத வேண்டும். அந்த நாளைத் தவறவிடாதீர்கள். ஆட்சேபத்தோடு நீங்கள் விரும்பும் மாற்று வாசகத்தையும் எழுதி அனுப்புங்கள். கோப்பைப் பார்க்கும் அலுவலர் உடனே எடுத்து ஒப்பிட அது உதவும்.