பார்ட்ஸ் ஒஃப் ஸ்பீச்: ‘பேச்சின் பகுதிகள்’ அல்ல

எட்டாம் தரத்தில் படிக்கும் மருமகளின் ரியூசன் கொப்பியில், சொற்களைப் பெயர், வினை என்று வகுக்கும் ஆங்கில இலக்கணப் பாடத்துக்கு ‘பார்ட்ஸ் ஒஃப் ஸ்பீச் – பேச்சின் பகுதிகள்’ என்று தலைப்பு எழுதியிருந்தது. “மாமா, இது கதைக்கிறதுக்கு மட்டுமோ? எழுதேக்க வராதோ?” என்று கேட்டாள். நியாயமான கேள்வி. யாழ்ப்பாணத்தில் நாங்கள் கதைக்கிறோம். பேச்சு என்றால் மேடைப்பேச்சு, இல்லையேல் ஏச்சு. எங்கள் காதுக்கு அந்த மொழிபெயர்ப்பு இன்னும் கூடுதலாக இடறுகிறது.

சிக்கல் ‘ஸ்பீச்’ என்ற சொல்லில்தான். கி.மு. 2ஆம் நூற்றாண்டுக் கிரேக்க இலக்கணகாரர் தியோனீசியஸ் திராக்ஸ் பெயரால் வழங்கும் சிறுநூல், சொற்களை எட்டாக வகுத்து ‘மெறோஸ் லோகு’ என்றது. அங்கே ‘லோகோஸ்’ என்பது பொருள் முடிந்து நிற்கும் வாக்கியம். இலத்தீனில் அது ‘பார்ஸ் ஒராஷியோனிஸ்’ ஆகி, பிறகு ஆங்கிலத்துக்கு வந்தபோது ‘ஸ்பீச்’ ஆனது. ஆக, மூலப்பொருள் ‘வாக்கியத்தின் உறுப்பு’. ஆனால் தமிழில் அப்படிச் சொன்னால் எழுவாய், பயனிலையோடு குழம்பும். ‘சொல்வகை’ என்பதே பொருத்தம்.

வாக்கியம் என்ற அந்தப் பழைய பொருளை மட்டும் மறக்கக்கூடாது: ஆங்கிலத்தில் ஒரு சொல்லின் வகை பல வேளை வாக்கியத்தில்தான் தெரியும். மிளகாய்க் கன்றுக்குத் தண்ணீர் இறைக்கிறோம். ‘தண்ணீர்’ எப்போதும் பெயர், வினைக்கு ‘இறை’, ‘விடு’, ‘ஊற்று’ என்று வேறு சொல் வேண்டும். ஆங்கிலத்தில் குவளைக்குள் இருக்கும் ‘வோட்டர்’ பெயர். ‘ஐ வோட்டர் த பிளான்ட்ஸ்’ என்றால் அதே சொல் வினை. சொல்லைத் தனியே காட்டி வகை கேட்டால் பிள்ளை என்ன செய்யும்? வாக்கியத்தோடு கேளுங்கள்.

தமிழ் இலக்கணத்தில் சொல்வகை நான்கு: பெயர், வினை, இடை, உரி. பெயரும் வினையுமே முதன்மை, மற்ற இரண்டும் அவற்றைச் சார்ந்து வருபவை என்பது தொல்காப்பியத்தின் பார்வை. ஆங்கிலமும் படித்த ஆறுமுக நாவலர் தம் ‘இலக்கணச் சுருக்கம்’ என்ற நூலில் இந்த நான்கையே வைத்தார். ஆங்கிலப் பாடநூல்கள் சொல்லும் எட்டு வகையை இதற்குள் அடைக்கப் பார்ப்பதில்தான் மாணவர் வழுக்குகிறார்கள். ‘அட்ஜெக்டிவ்’ என்றதும் உரிச்சொல் என்று எழுதிவிடுகிறார்கள். உரிச்சொல் என்பது சால, உறு, தவ, நனி போன்றது. பெயரையும் தழுவும், வினையையும் தழுவும். அட்ஜெக்டிவுக்குப் ‘பெயரடை’, அட்வேர்புக்கு ‘வினையடை’ என்றால் குழப்பமில்லை. ‘நல்ல பிள்ளை’யில் ‘நல்ல’ பெயரடை. ‘கெதியாய் வா’வில் ‘கெதியாய்’ வினையடை. கிரேக்கரும் அட்ஜெக்டிவைத் தனியே எண்ணவில்லை, பெயருக்குள்ளேயே வைத்தார்கள்.

‘பிரெபொசிஷன்’ என்பதற்கு இலத்தீனில் ‘முன்னே வைத்தல்’ என்று பொருள். ‘ஃபுரொம் ஜஃப்னா’ என்பதில் முன்னே நிற்பது, ‘யாழ்ப்பாணத்திலிருந்து’ என்பதில் பின்னே ஒட்டுகிறது. ‘முன்னிடைச்சொல்’ என்ற பெயர் எனக்குப் பிடிக்கும்: ஆங்கிலத்தில் அது நிற்கும் இடமும் தெரிகிறது, ‘இலிருந்து’ போன்ற வேற்றுமையுருபை இடைச்சொல்லாகக் கொண்ட எங்கள் மரபும் தெரிகிறது. ‘அன்ட்’ செய்யும் வேலையை ‘உம்’ செய்கிறது, அதுவும் இடைச்சொல்தான்.

மருமகள் கேட்ட “வராதோ?” என்பதன் கடைசி ஓகாரமும் இடைச்சொல். இங்கே வினாவுக்காக ஒட்டும் அந்த ஓர் எழுத்துக்கு ஆங்கிலத்தின் எட்டு வகையிலும் இடம் கிடையாது.